மிசினுக்குத் தடிமன்

1

இன்று காலை பல்கலைக்கழகத்திலிருந்து எனக்கொரு மின்னஞ்சல் வந்தது. "மதிப்புக்குரிய பெனடிக்ற், உங்களை வெள்ளிக்கிழமை முழுவதுமாக அழித்துவிட்டோம். எங்கள் கணினிகளில் உங்களுடைய பிரதி எதுவும் மிச்சமில்லை. ஒத்துழைப்புக்கு நன்றி. இனிய வாரம் அமையட்டும்."

நோர்வேக்காரரிடம் எனக்குப் பிடித்ததே இதுதான். ஒரு ஆளை அழிப்பதென்றாலும் முறையாக அறிவித்து, நன்றி சொல்லி, வருகிற வாரத்தையும் வாழ்த்திவிட்டுத்தான் ஓய்வார்கள். நாங்கள் ஊரில் அழிபட்ட காலத்தில் இப்படி ஒருவரும் எழுதிப்போட்டதாக எனக்கு நினைவில்லை.

மின்னஞ்சலை மனைவி ஜெசிந்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். குசினியில் றொட்டி சுட்டுக்கொண்டு நின்றவள் திரும்பியும் பார்க்கவில்லை.

"அழிச்சது நல்லவனை. மிஞ்சினது நீங்கள்" என்றாள்.

அவள் சொன்னதில் நியாயம் உண்டு. அதை ஊரில் இருந்து வாசிக்கிற உங்களுக்கு விளங்கப்படுத்துவதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அழிக்கப்பட்டவனுக்கு என் முகம், என் குரல், என் மூக்குக்குப் பக்கத்து மறு எல்லாம் இருந்தன. என்னிடம் இல்லாத பொறுமையும் அவனிடம் இருந்தது. எனக்கும் என் அண்ணைக்கும் நடுவில் சில மாதங்கள் அவன் இருந்தான். நேற்று, ஞாயிற்றுக்கிழமை, அவனுடைய கதிரையில் நான் இருந்தேன்.

என்னைப் பற்றிச் சுருக்கமாக. யாழ்ப்பாணத்துக் குருநகரில் ஞானஸ்நானம் பெற்ற பெயர் பெனடிக்ற். ஊர் அதைப் பேணி ஆக்கியது. வெறும் தகரப் பேணிதான் அதிகம் சத்தம் போடும் என்று அதற்கு விளக்கமும் வைத்திருந்தது. கடலும் மீனும் வேண்டாமென்று ஓடிவந்து, பேர்கன் நகரத்தில் ஒரு மீன் தொழிற்சாலையில் சமன் என்கிற சால்மன் மீனுக்கு முள்ளெடுக்கிற வேலையில் சேர்ந்து, அதிலேயே தலைமயிரும் நரைத்துப்போனவன். விதியிடமிருந்து ஓடுகிறவர்கள் முதலில் வரைபடத்தைப் பார்த்துவிட்டு ஓடவேண்டும் என்பது என் வாழ்க்கை கற்பித்த பாடம்.

2

எங்கள் பகுதியில் "கதைக்கிறேல்லை" என்பது ஒரு உறவுமுறை. மச்சான், சம்மந்தி என்பது போல அதுவும் ஒன்று. "அவரும் இவரும் என்ன முறை?" என்று கேட்டால், "கதைக்கிறேல்லை" என்று பதில் வரும். அதற்கென்று ஒழுங்குகள் உண்டு. கதைக்காதவரின் வீட்டுக் கலியாணத்துக்குப் போகலாம், போகவேண்டும். செத்தால் பெட்டி தூக்க வேண்டும். நல்ல நண்டு பட்டால் ஒரு கோர்வை அனுப்பலாம். வாய் திறந்து நேரே கதைப்பதுதான் கூடாது. அவசரமாக ஏதும் சொல்ல வேண்டியிருந்தால் நடுவில் ஒரு ஆளைப் பிடித்து அவருக்குச் சொல்ல வேண்டும். நடுவில் நிற்கிற ஆள் அதைத் திருப்பிச் சொல்லத் தேவையில்லை. சும்மா நின்றாலே போதும்.

எங்கள் ஐயாவும் அவருடைய மச்சானும் இப்படி வருடக்கணக்கில் கதைக்காமல் இருந்தார்கள். அதில் ஒரு சிக்கல் இருந்தது. இருவரும் ஒரே போட்டில்தான் தொழிலுக்குப் போனார்கள். நடுவில் நிற்பதற்கு மூன்றாவது ஆள் இல்லை. ஆகவே ஐயா போட்டின் மிசினைப் பார்த்துக் கதைப்பார். "மிசினே, அங்காலை வலை சிக்குது எண்டு சொல்லு." மச்சானும் மிசினைப் பார்த்து, "மிசினே, எனக்குக் கண் இருக்குது எண்டு சொல்லு" என்பார். நானும் அண்ணையும் முன்பக்க அணியத்தில் குந்தியிருந்து சிரிப்பை அடக்குவோம். அந்த மிசின் எத்தனை ரகசியம் கேட்டிருக்கும், ஒன்றையும் ஒருவரிடமும் சொல்லவில்லை.

என் அண்ணை பெயர் செபஸ்தியான். ஐயாவுக்குப் பிறகு போட்டை அவர்தான் ஓட்டினார். சில வருடங்களுக்கு முன், போட்டைக் கரைக்கு இழுக்கும்போது அவருக்கு மூச்சு வாங்கி மணலில் இருந்துவிட்டார் என்று அண்ணி ஜெசிந்தாவுக்குச் சொன்னா. ஜெசிந்தா எனக்குச் சொன்னாள். நான் உடனே வீடியோவில் அழைத்து, "அண்ணை, இனிக் கடலுக்குப் போகாதேங்கோ. போட்டைக் குடுத்துப்போட்டு வீட்டிலை இருங்கோ" என்றேன்.

அண்ணை என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தொலைபேசியை மேசையில் வைத்தார். எனக்கு வீட்டுக் கூரைத் தகரம் மட்டும் தெரிந்தது. "நோர்வேயிலை இருந்துகொண்டு எனக்குக் கடல் காட்டுறானோ" என்று அவர் அண்ணிக்குச் சொன்னது கேட்டது. அத்தோடு எனக்கும் அவருக்கும் அந்த உறவுமுறை ஏற்பட்டுவிட்டது.

அதற்குப் பிறகு நான் அழைத்தால் அண்ணிதான் எடுப்பா. அண்ணை பக்கத்துக் கதிரையிலேயே இருப்பார், முழங்கால் திரையில் தெரியும். "அங்கை குளிரோ எண்டு கேள்." "சின்னவள் படிப்பு முடிச்சிட்டாளோ எண்டு கேள்." நானும் அண்ணிக்குப் பதில் சொல்வேன். முழங்கால் தலையாட்டும். ஒரு மனிதனின் முழங்காலோடு இவ்வளவு காலம் பாசமாக இருந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

3

அந்தச் சின்னவள் என் மகள் அனித்தா. பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்து, அங்கேயே ஆராய்ச்சிப் பிரிவில் வேலை. எங்களோடு தமிழ் கதைப்பாள், ஆனால் யோசிப்பது நொஸ்க்கில், நோர்வேக்காரரின் மொழியில். "இருங்கோ" என்று சொல்லிவிட்டு மேலே பார்ப்பாள். அந்த நேரத்தில் தலைக்குள் மொழிபெயர்ப்பு நடக்கிறது என்று அர்த்தம். மாதத்துக்கு ஒருமுறை வருவாள், மணிக்கூட்டைப் பார்ப்பாள், போய்விடுவாள். அவள் ஒரு நாள் தானாக அழைத்து, "அப்பா, எங்கடை வேலைக்கு நீங்கள் தேவை" என்றபோது, எனக்குத் தொழிற்சாலையில் பதவி உயர்வு கிடைத்ததுபோல இருந்தது. அப்படி ஒன்று கிடைத்ததில்லை, ஊகத்தில் சொல்கிறேன்.

அவர்களுடைய ஆராய்ச்சி இதுதான். கணினிக்குள் மனிதரைப்போலவே ஒரு ஆளைச் செய்கிறார்கள். கண் வெட்டும், மூச்சு விடும், நாங்கள் சொல்வதைக் கேட்டுப் பதில் சொல்லும். அப்படிப்பட்ட ஒன்றோடு கதைக்கிற உண்மையான மனிதருக்கு மனதில் என்ன நடக்கிறது? ஆறுதலா, பயமா, ஏமாற்றமா? அதிலும் குறிப்பாக, தூரதேசத்தில் இருக்கிற ஒருவருடைய பிரதியோடு ஊரிலுள்ள அவருடைய உறவினர் கதைத்தால் என்ன நடக்கும்? இதற்குக் கதைக்கக் கதைக்கச் சலிக்காத ஒரு ஆள் வேண்டும். பிரிவில் கூடிப் பேசியபோது அனித்தாவுக்கு உடனே என் ஞாபகம் வந்ததாம். அதைப் பாராட்டாகத்தான் எடுத்தேன்.

தலைமை ஆராய்ச்சியாளர் இங்ரிட் என்கிற பெண். எனக்கு ஒரு விசயத்தை விளங்கப்படுத்தினார். கார்ட்டூன் பொம்மை கதைத்தால் ஆட்கள் ரசிப்பார்களாம். அச்சொட்டாக மனிதனாகவே இருந்தாலும் ஏற்றுக்கொள்வார்களாம். இரண்டுக்கும் நடுவில், ஏறக்குறைய மனிதன் என்கிற இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறதாம். அந்தப் பள்ளத்தில் விழுந்த உருவத்தைக் கண்டால் முதுகு கூசுமாம், பிணத்தைக் கண்டதுபோல. நான் தொழிற்சாலையின் காலை வேலையில் என்னைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். பள்ளம் எனக்குப் பழக்கம் என்றேன். இங்ரிட் அதைக் குறித்துக்கொண்டார்.

பிறகு படிவங்கள். இந்த நாட்டில் தும்முவதற்கும் படிவம் உண்டு, பிரதி செய்வதற்கு இல்லாமல் இருக்குமா. நான் இறந்தபின் பிரதி தொடர்ந்து இயங்கலாமா என்று ஒரு கேள்வி. இயங்கினால் அவனுக்கும் வரி அட்டை எடுக்கவேண்டுமா என்று கேட்டேன். இங்ரிட் சிரிக்கவில்லை. சட்டப் பிரிவிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார், இரண்டு கிழமையில் உண்மையாகவே கேட்டுச் சொன்னார். தேவையில்லையாம். பகிடி விட்டால் எழுத்தில் பதில் வருகிற நாடு இது.

படமெடுக்கிற அன்று என் கோடுபோட்ட சேட்டு கமராக்களுக்கு ஒத்துவரவில்லை. ஒரு பச்சைச் சேட்டுத் தந்தார்கள். சுற்றிவரக் கமராக்கள், முகம் முழுக்கப் புள்ளிகள். கோபமாகப் பாருங்கள், கவலையாகப் பாருங்கள், ஒருவர் சொல்வதை அக்கறையாகக் கேளுங்கள் என்று ஒவ்வொன்றாகச் செய்வித்தார்கள். அக்கறையாகக் கேட்பது மட்டும் மதியம் வரைக்கும் சரிவரவில்லை. எதிரில் இருந்தவர் ஒரு வசனம் முடிக்கமுன் நான் பதில் சொல்லிவிடுகிறேனாம். கடைசியில் என்னைப் பசியோடு விட்டு, அடுத்த அறையில் சாப்பாடு வந்துவிட்டது என்று சொல்லி, அந்த முகத்தைப் படமெடுத்தார்கள். என் பிரதியின் அக்கறையான பார்வைக்குள் இருந்தது உண்மையில் ஒரு மீன் பொரியல்.

4

முதல் நாள் பார்க்க ஜெசிந்தாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு இதயத்துடிப்புப் பார்க்கிற பட்டி கட்டித் திரைக்கு முன்னால் இருத்தினார்கள்.

பிரதி தன்னை அறிமுகப்படுத்துகிற வசனத்தை நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். பிறந்த இடமும் இப்போது வசிக்கிற இடமும் வரவேண்டும், கொஞ்சம் கௌரவமான தமிழாக இருக்கவேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கௌரவமான தமிழ் என்று நான் இந்த நாட்டில் கிழமை தவறாமல் வாசிப்பது ஒன்றே ஒன்றுதான். அந்த நடை கையில் ஊறிப்போய்விட்டது.

திரையில் நான் தோன்றினேன். பச்சைச் சேட்டு, சாந்தமான முகம், பின்னால் வெளிறிய நீலம். மெல்லச் சிரித்தேன். "யாழ். குருநகரைப் பிறப்பிடமாகவும், நோர்வே பேர்கனை வதிவிடமாகவும் கொண்ட பெனடிக்ற் ஆகிய நான்..."

ஜெசிந்தா சிலுவை போட்டுக்கொண்டு எழும்பிவிட்டாள். பட்டியின் இலக்கம் எகிறியது. இங்ரிட் பள்ளம், பள்ளம் என்று பரபரப்பாக எழுதத் தொடங்கினார். அது பள்ளமில்லை, மரண அறிவித்தல் என்று நான் விளங்கப்படுத்த வேண்டியதாயிற்று. எங்கள் சனத்தில் ஒருவர் ஒரு ஊரைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொள்வது அவர் செத்த பிறகுதான். உயிரோடு இருக்கிறவன் அப்படித் தொடங்கினால் அடுத்த வசனம் "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்றுதான் வரும். முகம் வேறு அதற்கு எடுத்த படம் மாதிரியே இருந்தது.

அறிமுகத்தை மாற்றி, "வணக்கம், நான் பேணி" என்று வைத்தோம். ஜெசிந்தா பயந்து பயந்து மறுபடி இருந்தாள். காலையில் தலை இடித்தது என்று சும்மா ஒரு கதை சொன்னாள். பிரதி தலையை மெதுவாக ஆட்டி, "அதோடையா வந்தனீர்? பாவம்" என்றது. பிறகு பேசாமல் இருந்தது. அவள் மேலும் சொன்னாள். பிறகும் பேசாமல் இருந்தது. அவள் சொல்லிச் சொல்லி, தன் தாய் செத்த நேரம்வரை போய்விட்டாள். அந்தக் கதையில் நான் கேளாத பகுதிகள் இருந்தன.

பிறகு நொஸ்க்கிலும் கதைத்துக் காட்டியது. என் வாயிலிருந்து அப்படி ஒரு நொஸ்க் இந்த ஜென்மத்தில் வந்ததில்லை. நான் இன்றைக்கும் பேருந்தில் பயணச்சீட்டு வாங்கினால் ஓட்டுநர் ஆங்கிலத்தில் பதில் சொல்வார். திரையில் இருந்தவன் வானொலிச் செய்தி வாசிக்கலாம்.

முடிவில் வழக்கமான படிவம். உங்களுக்கு எப்படி இருந்தது, ஒன்றிலிருந்து ஏழுக்குள் குறியிடுங்கள். ஜெசிந்தா யோசித்துவிட்டு, "ஏதோ போகுது" என்றாள். அது எத்தனையாம் பெட்டி என்று இங்ரிட் கேட்டார். யாழ்ப்பாணத்தாரின் சந்தோசம், துக்கம், இரண்டு தலைமுறைப் போர், மகளின் கலியாணம் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் அதுதான், அதற்குப் பெட்டி இல்லை என்றேன். வீட்டுக்கு வரும் வழியில் ஜெசிந்தா, உவனை வீட்டுக்குக் கொண்டுவந்து உங்களை அங்கை விடேலாதோ என்று கேட்டாள். அதற்கும் படிவம் இருக்கக்கூடும் என்று பேச்சை மாற்றினேன்.

5

அடுத்தது ஊரிலுள்ள உறவினர். அனித்தா தன் பெரியப்பாவிடம், அதுதான் என் அண்ணையிடம் கேட்டாள். நான் சிரித்தேன். என்னோடு கதைக்காதவர் என் பொம்மையோடு கதைப்பாரா?

அண்ணை இரண்டே இரண்டு கேள்வி கேட்டாராம். "அது பேணியோ, மிசினோ?" மிசின்தான் என்றாள். "நான் சொல்லுறது பேணிக்குத் தெரியவருமோ?" வராது, அது விதி, எல்லாரும் கையெழுத்து வைத்திருக்கிறோம் என்றாள். "அப்ப சரி."

யோசித்துப் பார்த்தால் அவர் ஒரு விதியையும் மீறவில்லை. ஐயாவின் பிள்ளைதானே. தம்பியோடு கதைப்பதில்லை என்றுதான் வைராக்கியம். மிசினோடு கதைப்பதில்லை என்று எங்கள் குடும்பத்தில் ஒருவரும் வைராக்கியம் எடுத்ததில்லை.

ஞாயிறுதோறும், அங்கே மத்தியானச் சாப்பாடு முடிந்து இங்கே காலைத் தேநீர் ஆறுகிற நேரம், மிசின் குருநகருக்கு அழைக்கும். அண்ணை பூசைக்குப் போட்ட சேட்டைக் கழற்றாமல் காத்திருக்கிறார் என்று அண்ணி ஜெசிந்தாவுக்குச் சொன்னா. முகம் வழித்துக்கொள்கிறாராம். தொலைபேசியை எடுத்துக்கொண்டு முன்விறாந்தைக்குப் போய்க் கதவைச் சாத்திவிடுகிறாராம். அண்ணியையே உள்ளே விடுகிறதில்லை. மணிக்கணக்காகக் கதைக்கிறாராம்.

பொறாமை பல வகை. பக்கத்து வீட்டான் கார் வாங்கினால் வருகிறது ஒரு வகை. என் முகத்தை வைத்துக்கொண்டு, என் அண்ணையோடு, என்னைத் தவிர்த்து ஒருவன் கதைக்கிறான், அவனும் நான்தான் என்றால் அது என்ன வகை என்று இங்ரிட்டிடம் கேட்டேன். மிகவும் சுவாரசியமானது என்று சொல்லி எனக்கும் ஒரு படிவம் தந்தார்.

அனித்தாவின் வேலை, அந்தப் பதிவுகளைக் கேட்டு மொழிபெயர்ப்பது. ஒரு ஞாயிறு மாலை வீட்டுக்கு வந்தாள், மாதம் முடியாமலே. கண் சிவந்திருந்தது. மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. நான் நண்டுக்கறி வைத்து, கால்களை உடைத்து அவள் கோப்பையில் போட்டு, மெல்ல விசாரித்தேன்.

"பெரியப்பா என்ன சொன்னவர்?"

"சொல்லேலாது அப்பா."

"நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ எண்டாவது சொல்லன்."

"அப்பா, நான் கையெழுத்து வைச்சிருக்கிறன்" என்றாள். நண்டை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போனாள். குருநகர் இரத்தம் நண்டை வைத்துவிட்டு எழும்பினால் விசயம் சின்னதில்லை. அண்ணியிடம் ஜெசிந்தாவை விட்டுக் கேட்டுப் பார்த்தேன். அண்ணி, அவர் ஒன்றும் சொல்லவேண்டாம் என்று சத்தியம் வாங்கிப்போட்டார் என்று மட்டும் சொன்னா. எல்லாருக்கும் தெரிந்த ஒன்று எனக்கு மட்டும் தெரியாது. பொய் மனிதனிடம் உண்மையும், உண்மை மனிதனிடம் வெறும் பேணியும்.

6

பிறகு ஆராய்ச்சி முடிந்தது. கடைசி அழைப்பில் மிசின் பக்குவமாக விடைபெற வேண்டும் என்பது ஒழுங்கு. திடீரென்று இல்லாமல் போனால் மனம் பாதிக்கும், அதற்கென்றே இங்ரிட் வசனங்கள் எழுதி வைத்திருந்தார். ஆனால் அந்த ஞாயிறு குருநகரில் காற்றும் மழையும். மின்சாரம் இல்லை, அழைப்புப் போகவில்லை. ஒப்பந்தப்படி வெள்ளிக்கிழமை மிசினை அழித்தாகவேண்டும். அண்ணைக்குக் கடிதம் அனுப்புவோம் என்று முடிவெடுத்தார்கள். கடிதம் குருநகருக்குப் போகும் வேகம் உங்களுக்குத் தெரியும்.

சனிக்கிழமை இரவு அனித்தா எங்கள் வீட்டில் தங்கினாள். காலையில் அண்ணியிடமிருந்து ஜெசிந்தாவுக்கு ஒரு செய்தி வந்தது. சாப்பாடு முடிந்துவிட்டதாம், சேட்டோடு விறாந்தையில் இருக்கிறாராம்.

அனித்தா அதை வாசித்துவிட்டு மேலே பார்த்தாள், மொழிபெயர்த்தாள். "நான் ஒண்டும் சொல்லேலாது. ஆனா அப்பா, மிசின்ரை இடத்திலை நீங்கள் இருந்து கேக்கலாம்."

நான் முதலில் மறுத்தேன். மிசின் மனித வேடம் போட்டால் அது ஆராய்ச்சி, மனிதன் மிசின் வேடம் போட்டால் அது களவு. அவள் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தாள். தொடங்கியவுடனே நீங்கள் யாரென்று சொல்லிவிடுங்கள், அதற்குப் பிறகு அவர் விருப்பம், வைத்தால் வைக்கட்டும் என்றாள். நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் முதலில் அவர் திரையை மூடாமல் இருக்கவேண்டுமே. ஜெசிந்தா அலுமாரியிலிருந்து வெளிறிய நீலப் படுக்கைவிரிப்பை எடுத்துச் சுவரில் குத்தினாள். படப்பிடிப்பன்று தந்துவிட்ட பச்சைச் சேட்டை நான் தேடுமுன்னே அவள் ஸ்திரி போட்டு வைத்திருந்தாள்.

"தலையை மெதுவா ஆட்டுங்கோ. பகிடி விடாதேங்கோ. குறுக்கை கதைக்காதேங்கோ" என்றாள் அனித்தா.

"கலியாணம் கட்டின நாளிலை இருந்து நானும் இதைத்தான் சொல்லுறன்" என்றாள் ஜெசிந்தா. இருவரும் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள்.

திரையில் அண்ணை வந்தார். முழங்கால் இல்லை, முகம். அதைப் பார்த்து எவ்வளவு காலம். மெலிந்திருந்தார். வழித்த கன்னத்தில் சிறு வெட்டு. அவருக்குப் பின்னால், விறாந்தை மூலையில், ஐயாவின் காலத்து மிசின் சாக்குப் போர்த்தி நின்றது. போட்டில் நிற்கவேண்டிய மிசின் வீட்டுக்குள் ஏன் நிற்கிறது என்று நான் யோசித்த அந்தக் கணத்தில், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டேன்.

"மிசின், சுகமோ?" என்றார். "போன கிழமை கரண்ட் இல்லை. எங்கை நீயும் கோவிச்சுக்கொண்டு போட்டியோ எண்டு பாத்தன்."

நான் தலையை மெதுவாக ஆட்டினேன்.

"அவனுக்கு ஒண்டும் சொல்லேல்லைத்தானே?"

"இல்லை" என்றேன். அது பொய்யில்லை. அழிந்துபோனவன் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

"சொல்லாதை. போட்டைக் குடுத்து ரெண்டு மாரி போட்டுது எண்டு தெரிஞ்சா உவன் என்ன சொல்லுவான் தெரியுமோ? அப்பவே சொன்னன் எண்டுவான்." கொஞ்ச நேரம் கேற்றுப் பக்கம் பார்த்தார். "அவன் சொன்னது சரி. அதுதான் எனக்குக் கோவம். பிழையாச் சொல்லியிருந்தா அடுத்த நாளே கதைச்சிருப்பன்."

எனக்கு வாயில் ஒரு பகிடி வந்தது. விழுங்கினேன். என் வாழ்நாளில் விழுங்கிய முதல் பகிடி அதுவாக இருக்கும், தொண்டையில் நின்றது. விடிய எழும்பி இப்போதும் கரைக்குப் போவதாகச் சொன்னார். மற்றவர்களுடைய போட்டை இழுக்கக் கை கொடுக்கப் போனால், நீங்கள் விடுங்கோ அண்ணை என்று அவர்கள் மரியாதையாக விலக்கிவிடுகிறார்களாம். மரியாதைதான் தாங்கமுடியவில்லை என்றார். நான் குறுக்கே கதைக்கவில்லை. அவர் மேலும் சொன்னார். பிறகும் கதைக்கவில்லை. ஜெசிந்தா அன்றைக்குத் தாயின் மரணம்வரை போனது எப்படி என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"வெட்டுக்கு நாள் குறிச்சிட்டினம்" என்றார் அண்ணை. "கோயில் பெருநாள் முடிஞ்ச கையோடை. நெஞ்சைப் பிளந்துதான் செய்யவேணுமாம். டொக்டர் பொடியன் பயப்பிடவேண்டாம் எண்டுறான். அவன்ரை கண் பயப்பிடச் சொல்லுது."

நான் தலையை ஆட்ட மறந்துவிட்டேன்.

"செத்தாலும் பறவாயில்லை மிசின். கடலிலை போயிருக்கவேண்டியவன்தானே. ஆனா அதுக்கு முந்தி உவனோடை ஒருக்காக் கதைக்கவேணும். எப்பிடித் துவங்கிறது எண்டுதான் தெரியேல்லை. உன்னோடை கதைச்சுக் கதைச்சுப் பாக்கிறன், வருகுதில்லை. நீ நல்லவன். அவன் எண்டா இவ்வளவுக்கும் நாலு பகிடி விட்டிருப்பான்."

மூக்கு என்பது நேர்மையான உறுப்பு. கண்ணை அடக்கலாம், வாயை அடக்கலாம். நான் எவ்வளவோ முயன்றும் மூக்கு ஒருமுறை பலமாக உறிஞ்சிவிட்டது.

அண்ணை நிறுத்தினார். திரைக்குக் கிட்ட வந்தார். என் முகத்தை, சுவரில் குத்திய விரிப்பை, விரிப்பின் மடிப்பை, சேட்டை எல்லாம் ஆறுதலாகப் பார்த்தார். பள்ளமும் மேடும் அறிந்த ஆராய்ச்சியாளர் ஒருவரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. வலைக்குள் என்ன கிடக்கிறதென்று தண்ணீரின் நிறத்தில் பார்க்கிற பார்வை அது.

"மிசினுக்கும் தடிமன் பிடிக்குமோ?" என்றார்.

 நான் வாய் திறந்திருந்தால் பதிலை மூக்குத்தான் சொல்லியிருக்கும்.

அவர் திரையை மூடவில்லை. கதிரையில் சாய்ந்தார். பின்னால் சாக்குப் போர்த்தி நின்ற மிசினைத் திரும்பி ஒருமுறை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். ஐயாவின் குரல் அவருக்கு வந்திருந்தது.

"மிசினே, பேணியிட்டைச் சொல்லு. போட்டைக் குடுத்தாச்சு எண்டு சொல்லு."

"சொல்லுறன்" என்றேன்.

"வெட்டுக்கு நாள் வைச்சிருக்கு எண்டு சொல்லு. வாறதெண்டா பெருநாளுக்கு முந்தி வரட்டாம். லீவு குடுக்காட்டி வேலையை விட்டுப்போட்டு வரச்சொல்லு. இஞ்சையும் மீனுக்கு முள்ளு இருக்குது."

"சொல்லுறன்."

"வரேக்கை உந்தப் பச்சைச் சேட்டைப் போட்டுக்கொண்டு வரவேண்டாம் எண்டு சொல்லு. அதிலை ஆள் மரண அறிவித்தல் மாதிரி."

குசினிக் கதவுக்குப் பின்னால் இரண்டு பேர் சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. அண்ணைக்கும் கேட்டிருக்கவேண்டும். ஒன்றும் தெரியாதவர் போல இருந்தார். அழைப்பை நிறுத்த விரல் திரைக்குக் கிட்ட வந்தது. நடுவழியில் நின்றது.

"தடிமனுக்கு மல்லி அவிச்சுக் குடிக்கச் சொல்லு."

"சொல்லுறன்" என்றேன்.

"சொல்லுறன், சொல்லுறன் எண்டு சொல்லிப்போட்டு மறந்துபோவாய்" என்றார் அண்ணை. "நீ சின்னனிலை இருந்தே உப்பிடித்தானே."